வரேன்னு சொன்ன வீடு

பம்ப் அது பாட்டுக்கு ஓடட்டும் தம்பி. ஏசி பைப்புக்குள்ள இருக்குற காத்தும் ஈரமும் முழுசா வெளிய வரணும், அதுக்கப்புறந்தான் கேஸ் அடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. அரை மணி நேரமோ என்னமோ ஆகட்டும், எனக்கு அவசரம் இல்ல. இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும்.

ஷெட்டுக்குள்ளயே பாக்குறீங்க. ஐஸ் பெட்டிதான். போர்டுல ப்ரீசர் பாக்ஸ்னு எழுதிப் போட்டிருக்கேன், ஊருக்குள்ள யாரும் அப்படிச் சொல்றதில்ல. வெளியூர்ல இருக்குற பிள்ளைக வந்து முகம் பாக்குற வரைக்கும் உடம்பு கெடாம இருக்கணும்ல, அதுக்கு வாடகைக்கு விடுறது. இப்ப காலியாத்தான் இருக்கு. சும்மா ஓட விட்டிருக்கேன், ஓடாமலே கிடந்தா அதுக்கும் கோளாறு வரும். அருப்புக்கோட்டையில பெட்டின்னா தவசிலிங்கத்தத்தான் கூப்பிடுவாக. நல்ல பேரு இருக்கு எனக்கு. பெட்டி பாதியில நின்னுருச்சு, வாடை வந்துருச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வீட்டுல பேச்சு வாங்குனதில்ல.

வந்ததும் கேட்டீங்கள்ல, பெட்டி ஏத்துற பிக்கப்புக்கு ஏசி என்னத்துக்குண்ணேன்னு. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். எல்லாரும் அதத்தான் கேக்குறாக. படுத்திருக்குறவுகளுக்குத்தான்டா குளிரு வேணும், ஓட்டுற உனக்கு எதுக்குன்னு டீக்கடையில கேலி பண்றானுக. எனக்கு எதுக்கு ஏசி, நான் வெயில்லயே கிடந்தவன். அது ஒரு பிள்ளைக்காகத் தம்பி. நாகஜோதின்னு பேரு. சொந்தமில்ல, பந்தமில்ல. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

உங்களுக்கும் தெரிஞ்ச விசயந்தான். சாவு வீட்டுல இருந்து கிளம்பும்போது யாரும் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டோம்ல. பேசாம எந்திரிச்சு, செருப்ப மாட்டிக்கிட்டு, திரும்பிப் பாக்காம நடந்துருவோம். வரேன்னு சொன்னா அதே காரியத்துக்கு மறுபடி வரேன்னு ஆயிரும். சொந்தக்காரவுகளுக்கே அப்படின்னா பெட்டிக்காரனுக்கு எப்படி இருக்கும்? நான் ஒரு வீட்டுக்கு மறுபடி வந்தா எதுக்கு வருவேன்? பொங்கச் சோறு சாப்பிடவா வருவேன்? அதனால நான் ரொம்பக் கவனமா இருப்பேன். சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போனதும் பெட்டிய ஏத்துவேன், வயரச் சுருட்டுவேன், வண்டிய எடுத்துட்டு வந்துகிட்டே இருப்பேன். வாடகையக்கூட அங்க வச்சு வாங்குறதில்ல. ஆள் யாராவது பிறகு கொண்டாந்து குடுப்பாக.

பிசகுனது ஒரே ஒரு வீட்டுலதான்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசி, மழை விடாம ஊத்துன நேரம். தறிக்காரவுக இருக்குற தெருவுக்குப் பின்னாடி ஒரு முடுக்கு இருக்கு. வண்டி ஒண்ணு உள்ள போனா ஆளு சுவத்தோட ஒட்டி நிக்கணும், அம்புட்டுத்தான் அகலம். ரெண்டு பக்கமும் விசைத்தறி. அங்க சுப்புராஜ்னு ஒருத்தரு, நெஞ்சுவலின்னு உக்காந்தவரு உக்காந்த இடத்துலயே போயிட்டாரு. மகன் தீனதயாளன் திருப்பூர்ல இருந்து வரணும், அதனால பெட்டி கேட்டாக. போட்டுக் குடுத்தேன். மறுநா எடுத்தாச்சு. நான் பெட்டிய ஏத்திக் கட்டி, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன். பின்னாடி இருந்து ஒரு பிள்ளை ஓடி வருது. செத்தவரோட மக, இந்த நாகஜோதி. கட்டிக் குடுத்து அப்ப ஒரு வருசம்கூட ஆகல. அழுது அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. அந்த மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து, அண்ணே வயர மறந்துட்டீகன்னு என் ஜங்ஷன் பாக்ஸ நீட்டுது.

சாவு வீட்டுல ஒருத்தரும் என் சாமான எடுத்துக் குடுத்ததில்ல தம்பி. கையால தொடவே மாட்டாக, காலால நகட்டி விடுவாக. எனக்கு மனசு இளகிப் போச்சு. ஏதோ நல்ல நாள்ல ஒரு வீட்டுக்குப் போயிட்டுக் கிளம்புற மாதிரி வாய் தன்னால சொல்லிருச்சு. சரிம்மா, வரேன்னுட்டேன்.

சொன்ன உடனே எனக்கு உறைச்சுருச்சு. அந்தப் பிள்ளை நீட்டுன கையோட அப்படியே நிக்குது. வாசல்ல அவுக அம்மா ராஜாமணி உக்காந்திருந்தாக, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு. மெல்லத் தலையத் தூக்கி என்னப் பாத்தாக. திட்டியிருந்தாத் தேவலை. மண்ண வாரி எறிஞ்சிருந்தாத் தேவலை. வெறுமனே பாத்தாக. அந்தப் பார்வை இன்னும் எம்மேலதான் இருக்கு. சோத்துல கைய வச்சா இருக்கு, குளிக்கையில இருக்கு. இப்ப உங்க கூடப் பேசிக்கிட்டு இருக்கேன்ல, இப்பவும் இருக்கு.

அந்தப் பிள்ளை அப்பவே முழுகாம இருந்துச்சுன்னு பிறகுதான் கேள்விப்பட்டேன். கேட்டதும் செஞ்சுக்கிட்டிருந்த வேலைய அப்படியே போட்டுட்டு உக்காந்துட்டேன். ஏன்னா நான் வரேன்னு சொன்னது அவகிட்டத்தான். வேற யார்கிட்டயும் இல்ல.

அதுல இருந்து போன் அடிச்சாலே எடுக்கப் பயம். செத்தது யாருன்னுகூடக் கேக்க மாட்டேன், எந்தத் தெருன்னுதான் கேப்பேன். வேற தெருன்னு சொல்லிட்டா மனசுக்குள்ள அப்படி ஒரு சந்தோசம் வரும். அங்க ஒருத்தன் அப்பனப் பறிகுடுத்துட்டு அழுதுக்கிட்டு இருப்பான், இங்க நான் சாமிக்குக் கும்பிடு போடுவேன். என் வீட்டுக்காரி கோமதி பாத்துட்டுத் தலையில அடிச்சுக்குவா. கோயிலுக்குப் போயி விளக்குப் போட்டுட்டு வாங்க, எல்லாம் சரியாப் போகும்னா. போட்டேன். பார்வை போகல.

பந்தக்காரன் சீனிகிட்டச் சொன்னேன். அவனுக்கு என்ன, கல்யாண வீட்டுக்கும் அவன் பந்தல்தான், கருமாதிக்கும் அவன் பந்தல்தான். அவன் வரேன்னு சொன்னா யாரும் பதற மாட்டாக. அவன்தான் வழி சொன்னான். சொன்ன வார்த்தைய அழிக்க முடியாது தவசி, ஒரு நல்ல காரியமாப் பாத்து அந்த வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வந்துரு, வார்த்தை அதோட கழிஞ்சுரும்னான். விளையாட்டுக்குச் சொன்னானோ நிசமாச் சொன்னானோ, எனக்கு அது சரின்னு பட்டுச்சு. உசுரு வந்த மாதிரி இருந்துச்சு.

மாசி மாசம் ஆப்பிளும் மிச்சரும் வாங்கிக்கிட்டுப் போனேன். அந்தப் பிள்ளை அப்பா போனதுல இருந்து அம்மா வீட்டுலயே இருந்துச்சு. மாசமா இருக்குற பிள்ளையப் பாக்கப் போறது நல்ல காரியந்தான? பெட்டிய இறக்கி வச்சுட்டு, வண்டிக்குப் பின்னாடி இருக்குற தொட்டிய மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் போனேன். என்ன கேக்குறீங்க? நடந்து போயிருக்கலாமா? கோமதியும் அதத்தான் கேட்டா. அது எப்படிங்க? வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டுத்தான அந்த வார்த்தையச் சொன்னேன். வண்டியும் சேந்து போனாத்தான் அது போனதா ஆகும்.

முடுக்குக்குள்ள நுழைஞ்சதும் தறி ஒவ்வொண்ணா நிக்குது தம்பி. முதல்ல முன் வீட்டுத் தறி, அப்புறம் எதிர் வீடு, அப்புறம் அடுத்தது. அந்த முடுக்குல விடிஞ்சதுல இருந்து தறிச் சத்தம் ஓயாது, அன்னைக்கு என் வண்டிச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. வாசல் வாசலா ஆளுக வந்து நின்னு, யாரு, யாருன்னு ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்குறாக. ஒரு பெரியவரு தன் தம்பிக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு உள்ள ஓடுறாரு, தம்பி உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பாக்கூட வந்துச்சு. ராஜாமணி வீட்டுக் கதவு பூட்டியிருந்துச்சு. உள்ள கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. பழத்த வாசப்படியில வச்சுட்டு வந்தேன். மறுநா அந்தப் பக்கம் போகையில பாத்தேன், சாக்கடையில கிடந்துச்சு.

தினமும் போனேனான்னா, தினமும் இல்ல. வாடகைக்குப் போயிட்டுத் திரும்பையில முடுக்கு முனையில செத்த நேரம் நிப்பாட்டி, வீடு நல்லாருக்கா, சனம் நடமாடுதான்னு பாத்துட்டுப் போவேன். அவ்வளவுதான். நான் பாத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தைரியம். அந்தப் பிள்ளை துணி காயப்போட மாடிக்கு வரும். என் வண்டியப் பாத்ததும் ஈரத் துணிய அப்படியே போட்டுட்டு உள்ள போயிரும். சின்னப் பிள்ளைதான, கூச்சம்.

பங்குனியில வளைகாப்பு. அப்பா செத்த வருசம்னாலும் பிள்ளை வெறுங்கையோட இருக்கக் கூடாதுன்னு வீட்டோட சின்னதா வச்சாக. நானும் கண்ணாடி வளையல் ஒரு டசன் வாங்கிக்கிட்டுப் போனேன். முடுக்கு முனையிலயே தீனா மறிச்சுக்கிட்டான். அவன் திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்து இங்கயே தறி பாத்துக்கிட்டு இருந்தான். நல்ல பையன், மரியாதையாத்தான் பேசுனான்.

"அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், இந்தப் பக்கம் வராதீங்க. அம்மா உங்க வண்டியப் பாத்தா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டேங்குது. தங்கச்சி தூங்க மாட்டேங்குது."

"வராம எப்படிப்பா? வரேன்னு சொல்லிட்டேனே."

நான் தன்மையாத்தான் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப் போச்சு. அப்படியே திரும்பிப் போயிட்டான். வளையல் இன்னும் டேஷ்போர்டுக்குள்ளதான் இருக்கு, நீங்க பாத்திருப்பீங்க.

அன்னைக்குத்தான் யோசிச்சேன், வளையல் பழம் எல்லாம் சில்லறைக் காரியம், பிரசவத்துக்குப் போனா அதவிட நல்ல காரியம் எது இருக்குன்னு. சித்திரைக் கடைசியில தேதின்னு கேள்வி. கத்திரி வெயில். இங்க ஆஸ்பத்திரியில பாக்க முடியலைன்னா மதுரைக்கு எழுதிக் குடுத்துருவாக. அம்புட்டுத் தூரம் அந்தப் பிள்ளை ஆட்டோவுல குலுங்கிக்கிட்டுப் போகுமா? என் வண்டி முன் சீட்டுல உக்கார வச்சு, ஏசியப் போட்டு, அலுங்காமக் கொண்டு போயிச் சேத்து, கைக்குழந்தையோட திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டா, அன்னைக்குச் சொன்ன வார்த்தை அதோட போச்சு. அந்தம்மா பார்வையும் போயிரும். இப்படித்தான் இந்த ஏசி வேலை ஆரம்பிச்சது.

நான் வாங்கும்போதே இது கைமாறுன வண்டி. ஏசி பட்டன் இருக்கும், போட்டாக் கரகரன்னு சத்தம் வரும், சூடான காத்து வரும். கம்ப்ரஸர் போச்சுன்னு அப்பவே சொன்னாக, நான் கண்டுக்கல. இப்ப மதுரைக்குப் போயி, பழைய வண்டி உடைக்கிற இடத்துல இதே மாதிரி ஒண்ணு தேடிப் பிடிச்சேன். நானே மாட்டிருவோம்னு இறங்குனேன். பெட்டி கம்ப்ரஸர் எத்தனை மாத்தியிருக்கேன், இதுல என்ன பெரிசா இருக்கப் போகுது? இந்தா, இந்த இடத்துலதான் சாக்க விரிச்சு வண்டிக்கு அடியில படுத்தேன். போல்ட்டு ஒண்ணும் அசையல, மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப் போட்டுப் போட்டுக் கழட்டுனேன். பழசு கையோட வரும்போது முழங்கைத் தோலும் சேந்து வந்துருச்சு. ரப்பர் வளையமெல்லாம் புதுசு போட்டேன். பெல்ட்டும் புதுசு. உங்க மாதிரி எங்கிட்ட இந்தக் காத்து இழுக்குற மோட்டர் இல்ல, பழைய பெட்டி கம்ப்ரஸரையே மாட்டி இழுத்தேன். கேஸும் பெட்டிக்கு அடிக்கிற அதே கேஸ்தான்.

எண்ணெய் பத்தி வந்ததும் கேட்டீங்க, நான் முழிச்சேன். சிரிக்காதீங்க. பெட்டி கம்ப்ரஸருக்கு யாரு தம்பி எண்ணெய் ஊத்துறா? அது சீல் போட்டு எண்ணெயோடயே வரும். இதுவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். அந்தா சுவத்தோரம் கிடக்கு பாருங்க, நான் மாட்டுனது, அதத்தான் நீங்க கையில எடுத்துச் சுத்திப் பாத்துட்டு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு, அதான் இறுகிப் போச்சுன்னு சொன்னீங்க. இருக்கலாம். நீங்க படிச்ச வேலை. ஆனா எண்ணெய் இருந்திருந்தாலும் அது அன்னைக்கு நின்னுருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

முதல் நாள் பட்டனப் போட்டதும் டக்குன்னு ஒரு சத்தம், கம்ப்ரஸர் பிடிச்சுச்சு. கொஞ்ச நேரத்துல குளிரு வருது. நான் கதவ மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். சந்தோசத்துல அழுகை வந்துருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு அந்தக் குளிரு முகத்துல பட்டவிதம் எனக்கு எங்கயோ பட்ட மாதிரி இருந்துச்சு. பெட்டி மூடியத் திறக்கையில முகத்துல அடிக்கும்ல, அது. பன்னீர் வாடைகூட லேசா வந்துச்சு. வண்டிக்கு உள்ள பன்னீரு எங்க இருந்து வரும்? கோமதிய வந்து உக்காந்து பாருன்னேன். அவ வாசல்ல நின்னுக்கிட்டு, உங்க மேல அடிக்கிற வாடைதான் அது, நீங்க குளிச்சாலும் அது போறதில்லன்னா. அவளுக்கு எப்பவும் எடுத்தெறிஞ்ச பேச்சு.

தேதி நெருங்கவும் நான் வாடகை ஒத்துக்குறத நிப்பாட்டிட்டேன். காலையில குளிச்சுட்டு, தொட்டியக் கழுவிட்டு, முடுக்கு முனையில போயி நின்னுருவேன். அதுவரைக்கும் ஏசிய சும்மா போட்டுப் பாத்து நிறுத்திருவேன். அன்னைக்கு என்னமோ மனசுக்குள்ள இன்னைக்குத்தான்னு ஒரு எண்ணம். காலையில இருந்து இஞ்சின அணைக்கவே இல்ல. அந்தப் பிள்ளை ஏறும்போது சீட்டு குளுந்து கிடக்கணும்ல.

மத்தியானம் தறியெல்லாம் நின்னுச்சு. நான் அசையவே இல்ல, முனையிலதான் நின்னேன், தறி தன்னால நின்னுச்சு. உள்ள இருந்து ஒரு சத்தம். அந்தப் பிள்ளையோட சத்தந்தான். தீனா வெளிய ஓடி வந்து போனக் காதுல வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்னு கத்துறான். நான் இருக்கேன்ல தம்பி, இங்கயே இருக்கேன்ல. வண்டிய ரிவர்ஸ்ல உள்ள விட்டேன். எனக்குப் பழக்கம், எந்த வீட்டுக்கும் பின்பக்கமாத்தான் போவேன், பெட்டி இறக்க அதான் வசதி. கண்ணாடியில பாத்துக்கிட்டே போறேன், சனமெல்லாம் சுவத்தோட ஒட்டிக்கிட்டு வேணாம் வேணாம்னு கையக் காட்டுது. பதட்டத்துல வழி விடுறாகன்னு நெனச்சுக்கிட்டேன்.

பாதி முடுக்குலதான் அது நடந்துச்சு. கீச்சுன்னு முன்னாடி இருந்து ஒரு சத்தம், ரப்பர் தீயுற நாத்தம், பானட்டுல இருந்து புகை. இஞ்சின் அப்படியே திக்கி நின்னுருச்சு. ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிருச்சு. வண்டி உருண்டு போன வேகத்துல பின் சக்கரம் சாக்கடைக்குள்ள இறங்கிருச்சு. தள்ளிப் பாத்தோம். பத்துப் பேரு தள்ளியும் அசையல. அதுக்குள்ள முடுக்கு முனையில ஆம்புலன்ஸ் வந்து நிக்குது. சும்மா சொல்லக் கூடாது, வேகமாத்தான் வந்தாக. ஆனா உள்ள வர முடியல, நான் நடுவுல நிக்கிறேன்.

வண்டி சாஞ்சதுல தொட்டி ரெண்டு பக்கமும் சுவத்தோட ஒட்டிக் கிடக்கு. கேபின் ஓரமா மட்டும் ஆளு நுழையுற இடம் இருந்துச்சு. அதனால பின் கதவ இறக்கி, அந்தப் பிள்ளையத் தூக்கித் தொட்டியில ஏத்தி, கேபின் பக்கமா இந்தப்புறம் இறக்கணும். வேற வழி இல்ல. பின்னாடி நின்னு ராஜாமணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாக.

"ஏறாத ஜோதி."

அந்தப் பிள்ளை வலி தாங்க மாட்டாம தீனா கழுத்தக் கட்டிக்கிட்டு நிக்குது. அம்மாவத் திரும்பிப் பாத்துச்சு, வண்டியப் பாத்துச்சு. வேற வழி அதுக்கும் தெரியல. தூக்கி வச்சாக. நிக்க முடியாம அப்படியே தொட்டியில படுத்துருச்சு. பெட்டிய வைக்கிற இடந்தான் அது. தலைமாடு கால்மாடுகூட மாறல. நான் கேபினுக்குள்ள இருந்து பின் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஏசி நின்னு போச்சு, ஆனா எனக்குக் குளிருது தம்பி. பல்லு கிடுகிடுன்னு ஆடுது. அந்த வெயில்ல.

இறக்கிக் கொண்டு போயிட்டாக. ராஜாமணி வண்டியில ஏற மாட்டேன்னு அந்தப் பக்கமே உக்காந்துட்டாக. கிரேன் வந்து என் வண்டிய இழுக்குற வரைக்கும் அந்தம்மா அங்கயேதான் இருந்தாக, நான் இங்க. நடுவுல வண்டி.

பிள்ளை தங்கல. பெரிய உசுரக் காப்பாத்திட்டாக, சின்ன உசுரு போச்சு. கொடி சுத்தியிருந்துச்சுன்னாக. கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தாப் பொழைச்சிருக்கும்னு ஆஸ்பத்திரியில யாரோ சொன்னாகளாம். அது எல்லாருக்கும் சொல்றதுதான தம்பி. கொடி சுத்துனதுக்கு வண்டி என்ன பண்ணும்? முடுக்குக்காரவுக கோவத்துல என் முன் கண்ணாடிய உடைச்சுட்டாக. துக்கத்துல இருக்குறவுக, அப்படித்தான் இருப்பாக.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் போனக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அடிக்கல. அந்த அளவுப் பிள்ளைக்குப் பெட்டி வேணாம்ல, துணியில சுத்திக் கையிலயே எடுத்துட்டுப் போயிட்டாக. சொன்னா என்னத் தப்பா நெனைக்காதீங்க, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. பெட்டிய ஏத்திக்கிட்டு நான் அந்த வீட்டுக்கு இன்னும் போகலைல.

ஆனா வார்த்தை கழிஞ்சுச்சான்னு தெரியல. நல்ல காரியத்துக்குப் போனதா அத எடுத்துக்க முடியுமா? சீனிகிட்டக் கேட்டேன். அவன் என்ன ஒரு மாதிரிப் பாத்துட்டு, இனிமே எங்கிட்டப் பேசாதன்னுட்டான். கோமதி வண்டிய வித்துரச் சொன்னா. விக்கிற வரைக்கும் வர மாட்டேன்னு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. அதான் உங்களுக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கக்கூட ஆளில்ல. அந்தா கிடக்குற இறுகிப் போன கம்ப்ரஸர் இருக்கே, வயரு இல்ல, பெல்ட்டு இல்ல, வெறும் இரும்பு. அதுல இருந்து டக்குன்னு அந்தப் பிடிக்கிற சத்தம் கேக்கும். பெட்டியில இருந்து வர்ற சத்தம்னு போறதுக்கு முன்னாடி கோமதி சொன்னா. நான் பெட்டிய நிறுத்திட்டும் கேட்டுப் பாத்துட்டேன், அப்பவும் வருது.

போன மாசம் பெரியாஸ்பத்திரி வாசல்ல அந்தப் பிள்ளையப் பாத்தேன் தம்பி. மறுபடியும் வயிறு. நல்லா தெரியுது. எனக்கு அங்கயே கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. அது என்னப் பாக்கல. அது ஏறிப் போன ஆட்டோ பின்னாடியே போனேன். முடுக்குக்குப் போகும்னு பாத்தா, வண்டி பந்தல்குடி ரோட்டுப் பக்கம் திரும்புது. யாருக்கும் சொல்லாம வீடு மாத்தியிருக்காக. தறிய வித்துட்டு, அத்தனை வருசம் இருந்த இடத்த விட்டுட்டு வந்திருக்காக பாவம். என்ன கஷ்டமோ. ஆனா ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. ரோட்டு மேல வீடு, நல்ல அகலம், சாக்கடையும் மூடித்தான் இருக்கு.

அதான் உங்களத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டேன். இந்தத் தடவ நானே செய்ய மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். புது கம்ப்ரஸர், அளந்து எண்ணெய், முறையா கேஸ். இந்த மாசக் கடைசியில தேதின்னு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்குற இடத்துல விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நாளையில இருந்து போயி நிக்கணும்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? மீட்டர் முள்ளு இறங்கிருச்சா? அதுக்குள்ளயா?

பம்ப ஏன் நிறுத்துறீங்க? ஓஸ ஏன் கழட்டுறீங்க தம்பி, கேஸே இன்னும் அடிக்கலையே. சாவி எதுக்கு? சரி, உங்ககிட்டயே இருக்கட்டும், ஸ்டார்ட் பண்ணித்தான பாக்கணும்.

தீனா நம்பரா? இருக்கே. என் போன்ல இருந்து அடிச்சா எடுக்க மாட்டான், உங்க போன்ல இருந்து அடிங்க. குறிச்சுக்கங்க.

நீங்க பேசுறதுதான் சரி. நான் சொன்னாக் காது குடுக்க மாட்டேங்குறான், தொழில் தெரிஞ்சவரு நீங்க சொன்னா நம்புவான். ஏன் கேட் பக்கம் போறீங்க, இங்கயே நின்னு பேசுங்க. எடுத்துட்டானா? சொல்லுங்க தம்பி. இந்தத் தடவ எண்ணெய் ஊத்தியாச்சுன்னு சொல்லுங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, வாசல் வரைக்கும் வந்துருவேன்னு சொல்லுங்க.